செம்பில் இருந்த கங்கை

சென்னை மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் அந்தப் பெரியவருக்கு வயது எழுபது. கருவூலத்தில் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எதையும் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதினால்தான் அவருக்கு நிம்மதி. சென்ற மார்கழியில் ஒருநாள், கோயிலில் திருவெம்பாவைப் பாராயணம் முடிந்து, கையில் வெண்பொங்கல் தொன்னையுடன் வீடு திரும்பியவர், நீளமான நோட்டு ஒன்றைப் புதிதாகப் பிரித்தார். முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி இட்டு, அதன் கீழே 'கடற்கரைத் தல யாத்திரை - ஏழு நாட்கள்' என்று எழுதிக் கோடிட்டார்.

அது அவருடைய நெடுநாள் ஆசை. சென்னையில் புறப்பட்டு, இடக்கைப் பக்கம் கடலை விடாமல் தெற்கே சென்று, கன்னியாகுமரியில் அன்னை பகவதியின் மூக்குத்தி ஒளியைத் தரிசித்து முடிக்க வேண்டும். சுற்றி வரும் தூரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 900 கிலோமீட்டர். ரயிலில் சென்றால் ஊர்கள் தெரியும், கடல் தெரியாது என்பது அவர் கட்சி. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தாமே வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். ஆகவே ஓட்டுநருடன் வாடகை வண்டி என்று முடிவாயிற்று.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்றதும் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு உல்லாச விடுதிகள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தக் கரை நெடுகிலும் அலையோசை கேட்கும் தூரத்தில் தெய்வங்கள் எழுந்தருளியிருப்பதை அறிந்தவர்களுக்கு அது வேறு சாலை. நகரைத் தாண்டியதும் திருவிடந்தையில், நாள்தோறும் ஒரு கன்னிகையை மணந்ததாகப் புராணம் கூறும் நித்தியகல்யாணப் பெருமாள். அடுத்து மாமல்லையில், ஆதிசேஷன் இல்லாமல் வெறுந்தரையிலேயே பள்ளிகொண்ட தலசயனப் பெருமாள். பூதத்தாழ்வார் அவதரித்த ஊரும் அதுவே. கடற்கரைக் கோயிலைப் படம் எடுக்க வரும் கூட்டத்தில் நூற்றுக்குப் பத்துப் பேராவது இந்தப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் போகிறார்களா என்பது ஐயந்தான்.

கடலூருக்கு அருகே கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. பல்லவ மன்னன் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளிய அப்பர் பெருமான், ஐந்தெழுத்தின் துணையால் அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு கரை சேர்ந்த இடம். அங்கிருந்து திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் சந்நிதி அருகில்தான். சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில், மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கடலாட எழுந்தருளும்போது, வழியில் இஸ்லாமிய அன்பர்கள் மரியாதை செய்து வரவேற்பார்கள். தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் ஆலயத்தின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. நாகையில், வலையில் விழும் முதல் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டுவந்த அதிபத்த நாயனார் வாழ்ந்தார். ஒரு நாள் பொன்மீன் ஒன்றே அகப்பட்டபோதும் அதையும் விட்டவர் அவர். வேதாரண்யத்தில், வேதங்கள் பூசித்து அடைத்த கதவை அப்பர் பாடித் திறந்தார். சம்பந்தர் பாடி அடைத்தார். அதற்கும் தெற்கே திருப்புனவாயிலில் சிவலிங்கத் திருமேனி மிகப் பெரிது. பாணத்துக்கு மூன்று முழம், ஆவுடையாருக்கு முப்பது முழம் என்று அவ்வூரில் ஒரு பேச்சே உண்டு. தேவிபட்டினத்தில் இராமபிரான் நிறுவியதாகச் சொல்லப்படும் ஒன்பது கற்கள் கடல்நீருக்குள்ளேயே நின்று நவக்கிரகங்களாக வழிபாடு பெறுகின்றன.

இவற்றையெல்லாம் விட்டுவிட மனம் வருமா? பெரியவருக்கு வரவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய முதல் திட்டத்தில் 31 கோயில்கள் இடம்பெற்றன. அதிகாலை நாலரைக்கு எழுதல், ஐந்தரைக்குப் புறப்படுதல், ஒரு கோயிலுக்கு நாற்பது நிமிடம். நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நான்கு மணி நேரத்தையும் வீணாக்காமல் வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்திருந்தார்.

நோட்டை வாங்கிப் பார்த்த அவருடைய மனைவி, "இது யாத்திரையா, தணிக்கையா?" என்று கேட்டார்.

பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் அந்த அம்மையார் சிரிக்கவில்லை. அவர் பார்வை முதற்பக்கத்திலேயே நின்றிருந்தது. அங்கே 'பொறுப்புகள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு பட்டியல். வண்டி, மருந்துப் பை, அறைப் பதிவு ஆகியவற்றுக்கு எதிரே தம் பெயரையும் மனைவியின் பெயரையும் எழுதியிருந்தார். கடைசி வரியில், 'வீடு - அக்கா' என்று இருந்தது.

"அக்காவைக் கேட்டீர்களா?"

"எதை?"

"வருகிறார்களா என்று."

பெரியவருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தண்ணீர் லாரி வரும், மாடத்தில் விளக்கேற்ற வேண்டும், பூட்டிய வீடாக ஏழு நாள் கிடக்கக் கூடாது என்று ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சொற்கள் எங்கோ கேட்டவை போல் இருந்தன.

அக்காவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இருபத்துநாலு வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியவர். பிள்ளைப்பேறு இல்லை. தாய் தந்தையருக்குக் கடைசி வரை பணிவிடை செய்தவர். தம்பியின் இரு பிள்ளைகளையும் இடுப்பில் சுமந்து வளர்த்தவர். 1979ஆம் ஆண்டு கோடையில் வீட்டில் எல்லோரும் இராமேசுவரம் போனார்கள். அப்பா, அம்மா, தம்பிமார், சித்தப்பா குடும்பம் என்று பதினோரு பேர். பாம்பனில் சாலைப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது. அந்நாளில் தீவுக்குச் செல்ல ரயிலே வழி. பதினோரு பயணச்சீட்டுகளையும் வரிசையில் நின்று வாங்கி வந்தவர் அப்போது இருபத்து மூன்று வயது இளைஞராக இருந்த இதே பெரியவர்தான். பன்னிரண்டாவது சீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், பசுவுக்குத் தண்ணீர் காட்ட ஒருவர் வேண்டும். அதை யாரும் அநீதி என்று நினைத்துச் செய்யவில்லை. அக்கால வழக்கத்தில் அது ஒரு முடிவாகக்கூடத் தோன்றவில்லை. திரும்பி வரும்போது அவருக்கென்று ஒரு சங்கும், பாட்டிலில் கோடி தீர்த்தமும் கொண்டுவந்தார்கள். அவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று மாலை பெரியவர் அக்காவின் அறை வாயிலில் போய் நின்றார். "அக்கா, நீயும் வருகிறாயா?"

அக்கா பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். "நான் எதற்கப்பா? முழங்கால் இருக்கிற இருப்பில் உங்களுக்குப் பாரம். நீங்கள் இருவரும் நல்லபடியாகப் போய் வாருங்கள். வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நாற்பத்தாறு ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய பதில் அது. கேட்டது போதும் என்று எழுந்துவிட யாருக்கும் தோன்றும். பெரியவரும் எழுந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, இரவுப் பலகாரம் முடிந்தபின், அக்கா தாமே கூடத்துக்கு வந்தார். கையில் பழைய பட்டுத் துணியில் சுற்றிய ஒரு சிறு செம்பு. வாய் ஈயம் பற்றவைத்து அடைக்கப்பட்ட கங்கைச் செம்பு. பற்றவைத்த விளிம்பில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது.

1974இல் எதிர்வீட்டு மாமி காசி சென்று திரும்பியபோது அவருக்குக் கொடுத்ததாம். இராமேசுவரத்தில் கடல் மணல் எடுத்துச் சென்று கங்கையில் சேர்ப்பதும், கங்கையைக் கொண்டுவந்து இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்விப்பதும் காசி யாத்திரையின் முறை. காசிக்குத்தான் போக முடியவில்லை, இராமேசுவரத்துக்காவது என் கையால் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று அன்றே வேண்டிக்கொண்டாராம். 1979இல் பயணம் என்று பேச்சு எழுந்ததும் செம்பைத் துலக்கி, குங்குமம் இட்டு, தம் துணிகளோடு மூட்டையில் கட்டி வைத்திருந்தார். புறப்பாட்டு நாள் காலையில்தான் தெரிந்தது. மூட்டையைப் பிரித்து எல்லாவற்றையும் அலமாரியில் பழையபடி வைத்துவிட்டாராம்.

"எங்களிடம் கொடுத்தனுப்பியிருக்கலாமே அக்கா" என்றார் பெரியவர். குரல் சரியாக வரவில்லை.

"அடுத்த தடவை நானே கொண்டு வரலாம் என்று நினைத்தேன்" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

பெரியவர் செம்பைக் கையில் வாங்கினார். எடை குறைவாக இருப்பதாகப்பட்டது. பற்றவைத்த இடத்தில் எங்கேனும் நுண்ணிய துளை இருந்தால், ஐம்பது ஆண்டுகளில் உள்ளே இருந்தது எல்லாம் போயிருக்கும். காதருகே கொண்டுபோய் அசைத்துப் பார்க்க முனைந்தார்.

"குலுக்காதே!" என்று அக்கா தடுத்துவிட்டார். "இருந்தால் இருக்கிறது. இல்லாவிட்டால் சுவாமிக்குத் தெரியும். நீ பார்க்க வேண்டாம்."

கணக்கிலேயே வாழ்ந்த மனிதருக்கு இது பெரிய சோதனை. மறுநாள் காய்கறிக் கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாமா என்றுகூட அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. அதே அளவு வெற்றுச் செம்பு ஒன்றின் எடையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். கோயில் குருக்களிடம் மட்டும், பழைய கங்கையை அபிஷேகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கங்கைக்குப் பழமை என்ற தோஷம் கிடையாது, தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் குருக்கள். செம்பு வெறுமையாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்க அவருக்கு நா எழவில்லை.

நோட்டில் புதிய பக்கம் திருப்பப்பட்டது. இந்த முறை முதலில் எழுதியது 'இராமேசுவரம் - இரண்டு இரவுகள்'. மற்றவை அதற்குப் பின்னர்தான்.

முதியவர்களை அழைத்துச் செல்ல நினைக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்பதால், அந்த இரண்டாம் திட்டத்தைச் சற்று விரிவாகவே சொல்லலாம். முதலில் நாள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தக் கரையில் மழையும் புயலும். பங்குனி பிறந்துவிட்டால் வெயில். தை அமாவாசை, மாசி மகம் போன்ற நாட்களில் கடலாடும் கூட்டத்தில் வயதானவர்கள் நிற்க முடியாது. ஆகவே தைப்பூசத்துக்கும் மகா சிவராத்திரிக்கும் இடைப்பட்ட ஒரு வாரத்தைத் தேர்ந்தார்கள். தேய்பிறையில் புறப்படுவதா என்று மனைவிக்கு ஒரு தயக்கம். "போகிற இடத்தில் இருப்பவர் பிறையைத் தலையில் வைத்திருப்பவர், அவர் பார்த்துக்கொள்வார்" என்று அக்கா அதை முடித்துவைத்தார்.

அடுத்து வண்டி. உயரமான வண்டியில் முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவது கடினம். தாழ்வான வண்டியிலிருந்து எழுந்து இறங்குவது அதைவிடக் கடினம். ஒரு சிறிய மரமுக்காலியைப் பின்பக்கம் போட்டுக்கொண்டால் இரண்டுக்கும் தீர்வு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்த வேண்டும். எந்த ஊரில் சுத்தமான கழிப்பறை கிடைக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக் குறித்துக்கொண்டார். முதல் திட்டத்தில் இதற்கென்று ஒரு கட்டமே இல்லை. பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவதற்கு இதுதான் காரணம் என்பதை, மணமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகு, மனைவி சொல்லித்தான் அவர் அறிந்தார். இன்சுலின் மருந்துக்குக் குளிர்ப்பெட்டி. ஓட்டுநருக்கும் இரவில் கட்டில் உள்ள அறை. வண்டியிலேயே படுத்து எழுந்தவரை நம்பி மறுநாள் நெடுஞ்சாலையில் மூன்று உயிர்கள் போகக் கூடாது.

நடை சாத்தும் நேரம் இப்போது பகையாக இல்லை. காலையில் ஒரு தலம் அல்லது இரண்டு. பதினொன்றரைக்குள் சாப்பாடு. பிறகு நாலு மணி வரை அறையில் படுக்கை. முதல் நாள் திருவிடந்தை, மாமல்லை, இரவு புதுச்சேரி. இரண்டாம் நாள் திருப்பாதிரிப்புலியூர், மாலையில் சிதம்பரம். மூன்றாம் நாள் திருவெண்காடு, திருக்கடையூர், இரவு காரைக்கால். நான்காம் நாள் நாகை நீலாயதாட்சி, மாலையில் வேதாரண்யம். ஐந்தாம் நாள்தான் நீண்ட பயணம். வழியில் தேவிபட்டினம் மட்டும், அதுவும் கரையில் நின்றே தரிசனம். 31 என்பது பத்தாகச் சுருங்கிவிட்டது.

காரைக்காலைச் சேர்த்தது அக்காவின் ஒரே விண்ணப்பம். கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மற்ற நாயன்மார்களெல்லாம் நின்றிருக்க, காரைக்கால் அம்மையார் ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பார். கணவனால் கைவிடப்பட்டு, இளமையும் அழகும் வேண்டாமென்று பேயுருக் கொண்டு, கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையாலேயே நடந்து சென்றவர். இறைவனால் 'அம்மையே' என்று அழைக்கப் பெற்றவர். "என்னால் எந்தச் சந்நிதியிலும் நிற்க முடியாது. உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்" என்றார் அக்கா.

இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும் என்று பெரியவர் சொன்னபோது மனைவி மறுத்துவிட்டார். ஈரத்தரையில் வழுக்கி விழுந்தால் இந்த வயதில் இடுப்பெலும்பு தாங்காது. அக்கினி தீர்த்தக் கரையில் உட்கார்ந்து, மொண்டு வந்த நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, உலர்ந்த புடைவை மாற்றிக்கொண்டு சந்நிதிக்குப் போவது என்று தீர்மானித்தார்கள். நீண்ட பிராகாரத்துக்குச் சக்கர நாற்காலி. விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு முதல் நாள் போகவேண்டாம், பயணக் களைப்புத் தீர்ந்தபின் இரண்டாம் நாள் போகலாம்.

ஏழாம் நாள் மாலை ரயிலில் சென்னை திரும்புவதாக ஏற்பாடு. 2025இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் வழியாகக் கடலைக் கடக்கலாம். மூன்று பேருக்கும் கீழ்ப்படுக்கை கேட்டுப் பதிவு செய்தார்.

இதில் ஒரு விலை இருந்தது. பெரியவர் பரம்பரை முருக பக்தர். கடல் அலை வாயிலில் நிற்கும் திருச்செந்தூர் ஆண்டவனைத் தரிசித்துப் பதினைந்து ஆண்டுகளாகின்றன. அந்தப் பன்னீர் இலை விபூதியை மனத்தில் வைத்துத்தான் இந்த நோட்டையே பிரித்தார். இராமேசுவரத்திலிருந்து திருச்செந்தூருக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆறாவது நாளில் அதைச் செருகினால் அக்காவுக்கு இராமேசுவரத்தில் ஓர் இரவுதான் கிடைக்கும். இரண்டு முறை எழுதிப் பார்த்தார். இரண்டு முறையும் அடித்துவிட்டார். கன்னியாகுமரியும் அதோடு போயிற்று. மனைவியிடம் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் காபி ஆறிப்போகும் வரை நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை அந்த அம்மையார் கவனிக்காமல் இல்லை. அடுத்த வைகாசி விசாகத்துக்கு, கூட்டம் கலைந்தபின், தனியாக ரயிலில் போய் வாருங்கள் என்றார். வயது எழுபதில் அடுத்த வைகாசி என்பது உறுதியான தேதி அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

புறப்படும் நாள் வந்தது. முதல் நாள் மாலையிலேயே மாடத்து விளக்குக்கு எண்ணெயும் திரியும் எடுத்து எதிர்வீட்டில் கொடுத்தாயிற்று. நோட்டின் முதற்பக்கத்தில் 'வீடு - அக்கா' என்ற வரி அடிக்கப்பட்டு, 'வீடு - பூட்டு இரண்டு, சாவி எதிர்வீட்டில்' என்று திருத்தப்பட்டிருந்தது.

விடியற்காலை ஆறு மணிக்கு வண்டி வாசலில் நின்றது. அக்கா அரைமணி முன்னதாகவே திண்ணையில் வந்து அமர்ந்துவிட்டார். துணி மூட்டையை ஓட்டுநரிடம் கொடுத்தார், செம்பைக் கொடுக்கவில்லை. அதைப் பட்டுத் துணியோடு மடியில் வைத்திருந்தார்.

"கடல் எந்தப் பக்கம் வரும், தம்பி?" என்று கேட்டார்.

"போகும்போது இடப்பக்கம் அக்கா."

நோட்டில் இடப்பக்க ஜன்னல் இருக்கைக்கு எதிரே பெரியவர் தம் பெயரைத்தான் எழுதியிருந்தார். முக்காலியை எடுத்து இடப்பக்கக் கதவின் கீழே போட்டு, ஆடாமல் இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.